பொன்னழகின் நிறம்

செம்பட்டி
14-7-1964

விலங்கியல் விரிவுரையாளர் திரு. தங்கமுத்து அவர்களுக்கு,

உங்கள் தாய்மாமன் மகள் சுந்தரம்மாள் எழுதுவது. மனைவி என்றும் எழுதலாம். சட்டப்படி இன்னும் அப்படித்தான் இருக்கிறேன். பன்னிரண்டு வருஷமாக ஒரு வரி எழுதாதவள் இப்போது ஏன் எழுதுகிறாள் என்று பயப்பட வேண்டாம். எதையும் கேட்டு எழுதவில்லை. பயிற்சி முடித்து எட்டு வருஷமாக இங்கே ஆரம்பப் பள்ளியில் டீச்சராக இருக்கிறேன். அய்யா வீட்டின் பின்கட்டில் நானும் மகள் பொன்னழகும் இருக்கிறோம்.

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு மாதாமாதம் ஓர் அறிவியல் பத்திரிகை வரும். பிரிக்க ஆளில்லாமல் அலமாரியில் கிடக்கும். போன வாரம் பிள்ளைகளுக்குப் படம் காட்டலாம் என்று ஒன்றை எடுத்தேன். “நிறம் எங்கே எழுதப்பட்டிருக்கிறது?” என்று ஒரு கட்டுரை. கீழே உங்கள் பெயர்.

மூன்று தடவை படித்தேன். உடம்பில் உள்ள ஒவ்வொரு செல்லுக்கும் நடுவே நியூக்ளியஸ் என்று ஓர் அறை இருக்கிறது; அதற்குள் டி.என்.ஏ. என்ற நூல் முறுக்கிக் கிடக்கிறது; அதில் நாலே எழுத்துகளால் நம்மைப் பற்றிய எல்லாம் எழுதியிருக்கிறது என்று சொல்லியிருக்கிறீர்கள். தோலுக்கும் முடிக்கும் கறுப்பு கொடுக்கிற புரதத்துக்கான எழுத்தில் பிழை வந்தால் பிள்ளை வெள்ளையாகப் பிறக்கும், கண்ணில் கூச்சமும் ஆட்டமும் இருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பிழை தாயிடமிருந்து ஒன்றும் தகப்பனிடமிருந்து ஒன்றுமாக இரண்டு வந்து சேர்ந்தால்தான் அப்படிப் பிறக்குமாம். தாய் ஒருத்தியால் மட்டும் ஆகாதாம்.

கடைசியில் ஒரு வரி: “விவரம் அறியாத சிலர் இத்தகைய குழந்தையைப் பெற்ற தாயின் நடத்தையைச் சந்தேகிப்பதும் உண்டு.”

அந்தச் சிலர் யார்? உங்கள் அம்மா, என் அத்தை பேச்சாயி, ஒட்டன்சத்திரத்தில் உங்கள் வீட்டு வாசலில் நின்று தெருவுக்கே கேட்கச் சொன்னது உங்களுக்கு மறந்திருக்காது. “எங்க வம்சத்துல இப்படி வெளுத்து ஒண்ணு பொறந்ததில்ல. மாசமா இருக்கயில அந்த வெள்ளக்காரச் சாமியாருகிட்ட மருந்துக்குப் போனாளே, அங்க போயிக் கேளுங்க!” அந்தப் பாதிரியாருக்கு அறுபத்தெட்டு வயது. மருந்துப் புட்டியை அவர் எனக்கு ஜன்னல் வழியாகத்தான் நீட்டுவார்.

அப்போது நீங்கள் கூடத்தில் நின்றுகொண்டிருந்தீர்கள்.

எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். இந்தக் கட்டுரையில் உள்ளது உங்களுக்கு எப்போது தெரியும்?

சுந்தரம்மாள்

*

சென்னை
2-8-1964

அன்புள்ள சுந்தரத்துக்கு,

உன் கையெழுத்தை உறையின் மேல் பார்த்ததும் திறக்கத் தைரியம் வரவில்லை. இரண்டு நாள் மேசை டிராயரில் வைத்திருந்தேன். உன் கோபம் நியாயமானது. அதை மறுத்து எழுதவில்லை.

நீ கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் இந்த விஞ்ஞானம் வளர்ந்த விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டி.என்.ஏ.வின் அமைப்பையே உலகம் 1953-இல்தான் கண்டது. பொன்னழகு பிறந்தது அதற்கு முந்தைய வருஷம். நூலில் உள்ள எழுத்துகள் மூன்று மூன்றாகப் படிக்கப்படுகின்றன என்பது தெரிந்து இன்னும் மூன்று வருஷம் ஆகவில்லை.

நீ டீச்சர் என்பதால் இப்படிச் சொல்கிறேன். நியூக்ளியஸில் இருக்கும் டி.என்.ஏ. கரும்பலகை மாதிரி. அதை இடத்தைவிட்டு நகர்த்த முடியாது. ஒரு பிள்ளை அதைப் பார்த்துச் சிலேட்டில் எழுதி அடுத்த அறைக்கு எடுத்துப் போகிறாள் என்று வைத்துக்கொள். அந்தச் சிலேட்டுதான் ஆர்.என்.ஏ. அடுத்த அறையில் ரிபோசோம் என்று ஒரு வேலையாள். அவன் சிலேட்டை மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கிறான். ஒவ்வொரு மூன்றெழுத்துக்கும் ஓர் அமினோ அமிலம். இருபது வகை உண்டு. சொன்ன வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக அவற்றைக் கோத்தால் அதுதான் புரதம். சிலேட்டில் ‘உப்பு’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ஓர் எழுத்து மாறி ‘அப்பு’ என்று இருந்தால், கடைக்காரன் எதைக் கொடுப்பான்? அப்படித்தான் நிறம் உண்டாக்கும் புரதம் கெட்டுப்போகிறது. பொன்னழகின் உடம்பில் எந்த எழுத்து மாறியது என்று இன்றைக்கும் யாராலும் காட்ட முடியாது.

ஆகவே 1952-இல் இதெல்லாம் தெரிந்திருக்க வழியில்லை என்பதை நீ புரிந்துகொள்ள வேண்டும்.

நான் வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. திருவல்லிக்கேணியில் ஓர் அறை, ஓட்டல் சாப்பாடு. குழந்தை எப்படி இருக்கிறாள்? கண் எந்த அளவுக்குத் தெரிகிறது?

தங்கமுத்து

*

செம்பட்டி
30-8-1964

தங்கமுத்து அவர்களுக்கு,

உங்கள் சிலேட்டுப் பாடம் நன்றாக இருந்தது. நான்காம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடப் புரியும். புரியும்படி எழுதத் தெரிந்தவர்கள் மறைத்தும் எழுதுவார்கள் என்று எனக்குத் தோன்றியதால், உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு திண்டுக்கல்லுக்கு பஸ் ஏறினேன். அங்கே ஹைஸ்கூலில் இருதயநாதன் என்று ஒரு சயன்ஸ் வாத்தியார். எங்களுக்குப் பயிற்சி வகுப்பு எடுத்தவர். யார் எழுதியது என்று சொல்லாமல் காட்டினேன்.

படித்துவிட்டு, “எல்லாம் சரிதாம்மா” என்றார். “அப்ப, வெள்ளையாப் பிள்ளை பொறக்குறது அப்பா அம்மா ரெண்டு பேராலயும்னு ஐம்பத்தி ரெண்டுல யாருக்கும் தெரியாதா சார்?” என்று கேட்டேன்.

சிரித்தார். “அது எங்க வாத்தியாரு காலத்துப் பாடம்மா. அம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. இந்த எழுத்து, புரதமெல்லாந்தான் புதுசு. ரெண்டு பக்கமும் சேந்தாத்தான் வரும்ங்கிறது ரொம்பப் பழசு. காலேஜுல விலங்கியல் எடுத்த எவனுக்கும் தெரியும்.”

பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு அழுகை வரவில்லை. புதியதை முன்னால் நிறுத்திப் பழையதை அதன் பின்னால் ஒளித்துவிட்டீர்களே, எவ்வளவு படித்தால் இது வரும் என்றுதான் யோசித்துக்கொண்டு வந்தேன். ஐம்பத்திரண்டில் நீங்கள் ஆனர்ஸ் மாணவர்.

குழந்தையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அவளுக்கு வருகிற ஐப்பசியில் பன்னிரண்டு முடிகிறது. புத்தகத்தை மூக்குக்கு நேராகப் பிடித்தால் எழுத்து தெரியும். போர்டு தெரியாது. காதால் கேட்டே கணக்குப் போடுகிறாள். வெயிலில் பத்து நிமிஷம் நின்றால் தோல் சிவந்து கொப்புளம் போடும். பேர் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை; தெருவில் ‘பரங்கி’ என்றால் திரும்பிப் பார்க்கிறாள். இதையெல்லாம் நீங்கள் கேட்க வேண்டியது ஐம்பத்து மூன்றில்.

நான் கேட்டதை மறுபடி கேட்கிறேன். எப்போது தெரியும்? தேதி போட்டு எழுதுங்கள்.

சுந்தரம்மாள்

*

சென்னை
27-9-1964

சுந்தரம்,

தேதி கேட்டிருக்கிறாய். 1952 நவம்பர் 2. குழந்தையை முதலில் பார்த்த நாள்.

தந்தி கிடைத்து ஒன்பதாம் நாள்தான் வந்தேன். நீ உள்ளே படுத்திருந்தாய். அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். காலை வெயில் முகத்தில் பட்டதும் அது கண்ணை இறுக்கிக்கொண்டு வீறிட்டது. புருவம் வெளுப்பு. கண்ணைத் திறந்தபோது விழி ஓரிடத்தில் நிற்காமல் ஆடியது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் எங்கள் பேராசிரியர் வகுப்பில் வெள்ளை முயலைக் காட்டி இந்தப் பாடத்தை நடத்தியிருந்தார். மனிதர்களிலும் உண்டு, நெருங்கிய உறவில் கல்யாணம் செய்கிற குடும்பங்களில் அதிகம் என்று சொன்னார். நோட்டில் எழுதியிருந்தேன்.

பார்த்த உடனே தெரிந்துவிட்டது. பாதி என்னிடமிருந்து வந்தது என்றும் தெரிந்தது. என் அம்மாவும் உன் அய்யாவும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். அவர்களைப் பெற்றவர்களில் ஒருவரிடம் இருந்த பிழை அம்மா வழியாக எனக்கும், உன் அய்யா வழியாக உனக்கும் வந்திருக்க வேண்டும். உன்னைத் திட்டிக்கொண்டு நின்ற என் அம்மாவின் உடம்பிலேயே அது இருந்தது.

“அம்மா, இது வந்து…” என்று ஆரம்பித்தேன். “நீ பேசாதடா. ஊரு கேட்டா நாம என்ன சொல்றது?” என்றாள். பேசாமல் இருந்துவிட்டேன்.

இனி எழுதப்போவதை யாரிடமும் சொன்னதில்லை. அவள் என்னைப் பேசாதே என்று சொன்னபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது, சுந்தரம். என் உடம்பில் கோளாறு என்று ஊர் பார்க்கும். காலேஜில் தெரிந்தால், பாடத்தில் வரும் உதாரணமாக என்னையே பார்ப்பார்கள். பழி உன் மேல் விழுந்தபோது என் மேல் விழவில்லை என்று நினைத்தேன். அப்புறம் ஒவ்வொரு வருஷமும் சொல்வது இன்னும் கடினமாகிவிட்டது.

நீ எந்தத் தவறும் செய்யவில்லை. பொன்னழகு என் மகள். அதில் எனக்கு ஒரு நாளும் சந்தேகம் இருந்ததில்லை.

தங்கமுத்து

*

செம்பட்டி
12-11-1964

தங்கமுத்து அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேலாகிறது. பதில் எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. சந்தேகம் இருந்திருந்தால்கூட உங்களை மன்னித்திருப்பேன். சந்தேகப்பட்டு விட்டுப்போன புருஷன் ஊருக்கு நாலு பேர் உண்டு. தெரிந்துகொண்டே விட்டுப்போனவரை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது ஒரு காரியத்துக்காக எழுதுகிறேன்.

உங்கள் தங்கை வீரலட்சுமியை என் தம்பி மலைச்சாமிக்குக் கேட்டிருக்கிறார்கள். அய்யாவுக்குத் தன் அக்காளோடு பேச்சுவார்த்தை இல்லாமல் போய்ச் சேர்ந்துவிடுவோமோ என்று கவலை. அத்தையும் சம்மதித்துவிட்டாள். ஆனால் ஒரு நிபந்தனை. தாலியில் நாத்தனார் போடுகிற முடிச்சை நான் போடக்கூடாது. கல்யாணத்தன்று நானும் பொன்னழகும் பந்தல் பக்கம் வரக்கூடாது. “அவ கை பட்ட தாலி எம் மக கழுத்துல ஏறக்கூடாது” என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். அய்யா என் முகத்தைப் பார்க்காமல், “ஒரு நாளைக்குத்தானம்மா, திண்டுக்கல்லுல ஒஞ் சேக்காளி வீட்டுல இருந்துட்டு வந்துரு” என்றார்.

நான் போவதாக இல்லை.

தை மாதம் பரிசம்; அக்காள் மறுபடி வாசல் மிதிக்க வேண்டும் என்று அய்யா கேட்டதால் எங்கள் வீட்டிலேயே போடுகிறார்கள். ரெண்டு பக்கத்துப் பெரியவர்களும் இருப்பார்கள். நீங்கள் வர வேண்டும். எனக்கு எழுதியதை அவர்கள் முன்னால் வாயால் சொல்ல வேண்டும். டி.என்.ஏ.வும் வேண்டாம், சிலேட்டும் வேண்டாம். “பிள்ளை என்னுடையது, பாதிக் குறை என்னுடையது” என்று இரண்டே வாக்கியம்.

இன்னொன்று. வீரலட்சுமிக்கும் மலைச்சாமிக்கும் இப்படிப் பிறக்குமா? கணக்கை எழுதுங்கள். நான் கல்யாணத்தைத் தடுக்கவில்லை. தெரிந்து செய்யட்டும். நாளைக்கு அப்படி ஒன்று பிறந்தால் அந்தப் பெண்ணைப் பார்த்து யாரும் விரல் நீட்டக்கூடாது.

சுந்தரம்மாள்

*

சென்னை
6-12-1964

அன்புள்ள சுந்தரத்துக்கு,

கணக்கு இதுதான். என்னிடம் பிழை இருப்பதால் என் தங்கையிடம் இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. உன்னிடம் இருப்பதால் மலைச்சாமியிடமும் இரண்டில் ஒன்று. இருவரிடமும் இருக்க நான்கில் ஒன்று. அப்படி இருந்தால் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒன்று. ஆக மொத்தம் பதினாறில் ஒன்று. இது சின்னதா பெரியதா என்பது அவரவர் மனத்தைப் பொறுத்தது. விஞ்ஞானம் அதைச் சொல்லாது.

பரிசத்துக்கு நான் வருவதைப் பற்றி: வர வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அம்மாவுக்கு ஐம்பத்தேழு வயது, ரத்தக் கொதிப்பு. அத்தனை பேர் முன்னால் அவளைத் தலைகுனிய வைத்தால் என்ன ஆகுமோ? முதலில் அவளிடம் தனியாகச் சொல்லிப் பார்க்கலாமா? அல்லது பக்குவமாக ஒரு கடிதம் எழுதிப் பார்க்கவா? ஒருவேளை லீவு கிடைத்தால் கட்டாயம் வருவேன். வரப் பார்க்கிறேன்.

தங்கமுத்து

*

செம்பட்டி
10-2-1965

தங்கமுத்து அவர்களுக்கு,

நீங்கள் வரவில்லை. இந்தி எதிர்ப்புப் போராட்டத்தால் கல்லூரிகள் எல்லாம் மூடிக் கிடக்கின்றன என்று பேப்பரில் பார்த்தேன். ஆகவே லீவைப் பற்றி எழுத வேண்டாம்.

பரிசத்தன்று நடந்ததை நானே எழுதிவிடுகிறேன். மற்றவர்கள் வேறு மாதிரி சொல்வார்கள்.

காலை பத்து மணி வரை பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒட்டன்சத்திரத்திலிருந்து அத்தை, வீரலட்சுமி, உங்கள் சித்தப்பா நல்லுசாமி, இன்னும் ஆறேழு பேர் வந்தார்கள். உங்களைக் காணோம். தட்டு மாற்றப் போகும் சமயத்தில் நான் பின்கட்டிலிருந்து கூடத்துக்கு வந்து நின்றேன். பொன்னழகும் என் பின்னாலேயே வந்தாள். அத்தை எழுந்துவிட்டாள்.

“ஒரு கடுதாசி இருக்கு. படிச்சிட்டு நானே போயிர்றேன்” என்றேன். நீங்கள் செப்டம்பரில் எழுதிய கடிதத்தை ஒரு வரி விடாமல் படித்தேன். குரல் எனக்கே கேட்காத இடத்தில் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி படித்தேன். “என் அம்மாவின் உடம்பிலேயே அது இருந்தது” என்ற இடத்தில் யாரோ இருமினார்கள். பதினாறில் ஒன்று என்ற கணக்கையும் சொன்னேன்.

பிறகு அத்தை சொன்னாள்: “எம் மகன் இதை எழுதல. இவதான் பள்ளிக்கூடத்துல எழுத்துச் சொல்லிக் குடுக்கிறவளாச்சே. அவன மாதிரி எழுதிக்க இவளுக்கு எம்புட்டு நேரம் ஆகும்? பெத்தவளப் பத்தி எம் புள்ள இப்படி எழுதுவானா?”

எல்லோர் முகமும் தெளிந்தது. அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை. நான் பொய் எழுதினேன் என்றால் அவர்களுக்கு எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது.

நல்லுசாமி சித்தப்பா மட்டும், “ஏனுங்க, சத்தம் எதுக்குங்க? வெங்காய லோடு மெட்ராசுக்குப் போகுது. நானே போயி நேர்ல கேட்டுப்போட்டு வந்தர்றேன்” என்று சொல்லிக் கடிதத்தை வாங்கிக்கொண்டார். அடுத்த வாரம் உங்களிடம் வருவார்.

அந்தரங்கமாக எழுதியதைக் கூட்டத்தில் படித்துவிட்டாளே என்று உங்களுக்கு வருத்தமாக இருக்கும். என் நடத்தையைக் கூட்டத்தில்தான் பேசினார்கள்.

வந்து சொல்ல உங்களால் முடியவில்லை. சரி. அவர் கேட்கும்போது ‘ஆமாம்’ என்று ஒரு சொல் சொன்னால் போதும். இதற்குமேல் உங்களிடம் நான் சின்னதாக எதையும் கேட்க முடியாது.

சுந்தரம்மாள்

*

சென்னை
24-2-1965

சுந்தரம்,

சித்தப்பா சென்ற வியாழக்கிழமை வந்துபோனார். அங்கே என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

என்னோடு வேலை பார்க்கும் இருவர் அறையில் உட்கார்ந்திருந்தார்கள். சித்தப்பா தோளில் துண்டோடு வாசலில் நின்றார். உள்ளே கூப்பிட்டேன். மடித்து வைத்திருந்த கடிதத்தை எடுத்துப் பிரித்து மேசைமேல் வைத்தார். “தம்பி, உங்கம்மா கஞ்சித்தண்ணி குடிக்காமக் கெடக்கறா. இது நீ எழுதினதுதானா? ஒத்த வார்த்தை சொல்லு, நா போறேன்” என்றார்.

நண்பர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கழுத்தை நீட்டி முதல் வரியைப் படித்துவிட்டார் என்று நினைக்கிறேன். நான் கடிதத்தை எடுத்து நெடுநேரம் பார்த்தேன். பிறகு, “எழுத்து என்னுது மாதிரித்தான் இருக்கு” என்றேன்.

“மாதிரின்னா?” என்றார்.

“மாதிரின்னா… மாதிரிதான் சித்தப்பா.”

தலையை ஆட்டினார். கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். காப்பி வாங்கிவரச் சொன்னேன்; குடிக்காமலே போய்விட்டார்.

நான் இல்லை என்று சொல்லவில்லை, சுந்தரம். அதை நீ கவனிக்க வேண்டும். நண்பர்கள் இல்லாமல் இருந்திருந்தால், அம்மா பட்டினி கிடக்கிறாள் என்று அவர் சொல்லாமல் இருந்திருந்தால்… அவர் தெருமுனை தாண்டிய பிறகு ஓடிப்போய்ச் சொல்லிவிடலாமா என்று செருப்பைக்கூட மாட்டினேன்.

எனக்குப் பொன்னழகைப் பார்க்க வேண்டும். கோடை விடுமுறையில் வரட்டுமா? அவளிடம் கேட்டு எழுது.

தங்கமுத்து

*

செம்பட்டி
21-3-1965

தங்கமுத்து அவர்களுக்கு,

சித்தப்பா நேர்மையான மனுஷர். நீங்கள் சொன்னதை அப்படியே வந்து சொன்னார். “எழுதினேன்னும் சொல்லல, எழுதலீன்னும் சொல்லல. மாதிரின்னான்” என்றார். அத்தைக்கு அது போதுமாக இருந்தது. அன்று மாலையே வீட்டில் அடுப்பு மூட்டிச் சாப்பிட்டாள் என்று கேள்விப்பட்டேன். எங்கள் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, “டீச்சர், குடும்ப விஷயத்துல இப்படியெல்லாம் எழுதிக்கலாமா?” என்று கேட்டார். பன்னிரண்டு வருஷமாக என்னை நடத்தை கெட்டவள் என்றார்கள். இப்போது கள்ளக் கையெழுத்துப் போடுகிறவள் என்ற பெயரும் சேர்ந்தது. உங்கள் ‘மாதிரி’ எனக்குத் தந்தது அது.

கல்யாணம் மாசி இருபதாம் தேதி நடந்தது. நான் திண்டுக்கல்லுக்குப் போகவில்லை. பின்கட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தோம். மேளச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, திடீரென்று நின்றுவிட்டது. மலைச்சாமி ஓடி வந்து கதவைத் தட்டினான். “அக்கா, வா. அந்தப் பிள்ளை கழுத்தக் குடுக்க மாட்டேங்குது.”

போனேன். உங்கள் தங்கை மணையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஏழெட்டு கார்டு. ஒவ்வொரு பொங்கலுக்கும் நீங்கள் அவளுக்கு எழுதியவையாம். சித்தப்பாவிடமிருந்து அந்தக் கடிதத்தையும் வாங்கி, பக்கத்தில் வைத்திருந்தாள். பத்தொன்பது வயதுப் பெண். தலை நிமிராமல்தான் பேசினாள். ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

“இது எங்க அண்ணன் எழுத்து மாதிரி இல்லீங்க. எங்க அண்ணன் எழுத்துதானுங்க. ‘ழ’வுக்கு வால இப்படி இழுத்து விடறது அவருதான். கார்டுலயும் பாருங்க. அண்ணி வந்து முடிச்சுப் போட்டாத்தான் நா கழுத்தக் குடுப்பேன்.”

“பதினாறுல ஒண்ணுன்னு சொன்னாங்களே கண்ணு, அது?” என்று யாரோ கேட்டார்கள்.

“பொறந்தா நாங்க வளத்திக்கறோம்” என்றாள். மலைச்சாமி பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவன் ஆமாம் என்று தலையை அசைத்தான்.

ஒரு பெண் இருபது பேர் நடுவில் சொன்னாள். அண்ணனால் மூன்று பேர் நடுவில் முடியவில்லை.

முடிச்சுப் போட்டேன். சந்தோஷம் இல்லை. அத்தை முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து பந்தலைவிட்டு வெளியே போய் நின்றாள். அய்யா எல்லாம் முடிந்த பிறகு என்னிடம் வந்து, “சாப்டியா?” என்று கேட்டார். பன்னிரண்டு வருஷத்துக்கு ஈடாக அவரிடமிருந்து கிடைத்தது அந்த ஒரு சொல்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்து நிம்மதி அடைய வேண்டாம். ஊர் மன்னிப்புக் கேட்காது, பேச்சை மாற்றிக்கொள்ளும். வெள்ளைக்காரன் பிள்ளை என்றவர்கள் இப்போது, “பாவம், ரெண்டு பக்கமும் ரத்தம் சரியில்ல” என்கிறார்கள். என் அய்யாவின் தம்பி மகளைப் பெண் கேட்டு வந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். தண்ணிக் குழாயில் பொன்னழகைப் பார்த்தால் உச்சுக் கொட்டுகிறார்கள். அவளே சொன்னாள்: “முன்னாடி உன்னைத் திட்டுனாங்கம்மா. இப்ப என்னைப் பாத்துப் பரிதாபப்படுறாங்க. எனக்கு முன்னாடிதான் நல்லா இருந்துச்சு.”

அவளைக் கேட்டு எழுதச் சொன்னீர்கள். கேட்டேன். உங்கள் கடிதங்கள் எல்லாவற்றையும் அவளிடம் கொடுத்தேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இதைக் கொடுக்கலாமா என்று யோசித்தேன்தான். அவளைப் பற்றி எழுதியது, அவள் படிக்கட்டும் என்று கொடுத்துவிட்டேன். தாளை மூக்கோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் படித்தாள். எழுத்து, புரதம் எல்லாம் அவளுக்குப் புரிந்தது. எனக்குப் புரிந்ததைவிட நன்றாகவே புரிந்தது. செல் இரண்டாகப் பிரியும்போதெல்லாம் அந்தப் பிழையையும் சேர்த்துத்தான் பார்த்து எழுதுமா, நடுவில் ஒரு செல்லாவது திருத்திக்கொள்ளாதா என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன்.

பிறகு சொன்னாள்: “நல்லாத்தான் எழுதுறாரு. ஆனா நான் ஒருத்தி இருக்கேன்னு தெரிஞ்சு எழுதுன மாதிரி இல்ல.”

“வரட்டுமான்னு கேக்குறாரு. என்ன சொல்ல?” என்றேன்.

கடிதத்தை மடித்து என்னிடம் கொடுத்தாள். “வரச் சொல்லு. காலைல பத்து மணி பஸ்ஸுல வரணும். நாலு ரோடும் சேருற எடத்துல, டீக்கடைக்கு முன்னாடி நான் நிப்பேன். எல்லாரும் பாக்க எங் கையப் பிடிச்சுக்கிட்டு வீடு வரைக்கும் நடக்கணும். நடப்பாருன்னா வரட்டும்.”

அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதிவிட்டேன். தேதியை நீங்கள் எழுதினால் அவளை அங்கே நிற்க வைக்கிறேன். வெயிலில் அவளால் பத்து நிமிஷத்துக்கு மேல் நிற்க முடியாது. அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தேதி இல்லாத கடிதம் எதுவும் இனி எனக்கு வேண்டாம்.

சொல்லி முடித்ததும் அவள் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நீங்கள் வருவீர்களா என்று என்னிடம் அவள் கேட்கவில்லை.

சுந்தரம்மாள்